நட்சத்திரம் விழும் இடம்

அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் நடக்கும் ‘குவிஸ்பவுல்’ வினாடி வினாவில், கேள்வி முடியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. வாசிக்கும்போதே பஸ்ஸரை அழுத்தலாம். கேள்வி சில வாக்கியங்கள் நீளும். சிலருக்கே தெரிந்த தகவலில் தொடங்கி, எல்லோரும் அறிந்ததில் முடியும். சரியான விடைக்கு 10 புள்ளி. கேள்வியின் நடுவே ஒரு நட்சத்திரக் குறி உண்டு. அதற்கு முன்பே அழுத்திச் சரியாகச் சொன்னால் 15. இதைப் ‘பவர்’ என்பார்கள். குறுக்கிட்டுத் தவறினால் 5 புள்ளி குறையும். இந்தப் போட்டிகளை நடத்தும், 1996இல் தொடங்கிய என்.ஏ.க்யூ.டி. அமைப்பின் கணக்கு இது. குறி வாசிப்பவரின் தாளில் மட்டுமே இருக்கும். ஆடுபவர் அதைக் காண முடியாது.

அந்தக் குறியை எங்கே வைப்பது? கேள்வி எழுதுவதிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

விடை கணிதமேதை ராமானுஜன் என்று வைத்துக்கொள்வோம். முதல் துப்பு, மிகுபகு எண்கள் பற்றிய அவருடைய 1915ஆம் ஆண்டுக் கட்டுரை. அடுத்தது, 1920 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் வந்த போலி தீட்டா சார்புகள். மூன்றாவது, எண் பிரிவினைகளின் எண்ணிக்கை 5, 7, 11 ஆகியவற்றால் வகுபடும் ஒழுங்கு. பிறகு அவருடன் பணியாற்றிய கணிதவியலாளர் ஹார்டி, மதராஸ் துறைமுகக் குமாஸ்தா வேலை, கடைசியில் புகழ்பெற்ற டாக்ஸி எண் 1729. ‘ஹார்டி’ என்ற பெயர் காதில் விழுந்ததுமே பல கைகள் பஸ்ஸருக்குப் போகும். ஆகவே நட்சத்திரம் அந்தப் பெயருக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரு சொல் தள்ளி நின்றாலும் எளிய துப்புக்கு 15 புள்ளி போய்விடும். சொல் வரிசையும் முக்கியம். பெயர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்தால், அதே வாக்கியத்தில் பின்னால் வரும் நல்ல துப்பு வீணாகும். அப்போது குறியை நகர்த்திப் பயனில்லை, வாக்கியத்தையே திருப்பி எழுத வேண்டும்.

எழுதியவருக்கு விடை தெரியும் என்பதுதான் பெரிய இடையூறு. தேடிப் படித்த துப்பெல்லாம் அவருக்கு எளிதாகத் தோன்றும்; குறியை மிக முன்னால் வைத்துவிடுவார். அங்கே அழுத்த ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் சில போட்டிகளில், எந்தச் சொல்லில் யார் அழுத்தினார் என்று குறித்துவைத்துப் பிறகு பார்க்கிறார்கள். எழுதுபவரின் உள்ளுணர்வைவிட இந்தப் பதிவை நான் அதிகம் நம்புவேன்.

ஆனால் அந்தப் பதிவும் அது எடுக்கப்பட்ட அறைக்கு மட்டும்தான் பொருந்தும். இதே கேள்வியை ராமானுஜன் படித்த கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் வாசித்தால், ஹார்டிக்கு முன்பே கைகள் நகரும். அங்கே நட்சத்திரத்தைப் போலி தீட்டாவுக்கு மேலே ஏற்றுவேன்.