முறிந்த சுருள்வில்

வட அமெரிக்க நகரங்களின் புறநகர்ப் பகுதிகளிலே வீட்டோடு சேர்த்துக் கட்டப்படும் கராஜின் கதவு பெரும்பாலும் 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. உருக்குத் தகட்டினாலோ மரத்தினாலோ ஆகிய அக்கதவு 150 இறாத்தலுக்குக் குறையாத நிறையுடையதாயிருத்தல் வழக்கம். ஆயினும் பத்து வயதுச் சிறுமியொருத்தி அதனை ஒரு கையால் உயர்த்திவிடுதல் கூடும். அஃது எங்ஙனம் இயல்கின்றது என வினவினால், கூரையிலே தொங்கும் மின்பொறியே கதவைத் தூக்குகின்றது எனப் பலரும் விடை கூறுவர். இவ்விடை பொருந்தாது. மின்பொறியைக் கழற்றிவிட்ட பின்னரும் அச்சிறுமி கதவை உயர்த்துவாள். கதவின் பாரத்தைத் தாங்குவது அதன்மேல் நிலையோடு ஒட்டிக் கிடக்கும் சுருள்வில்லே. மின்பொறி செய்வது சிறு உதவி மாத்திரமாம்.

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபறோ, அந்நகரை அடுத்த மார்க்கம் முதலிய இடங்களில் ஈழத்தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் வீடுகளிற் பலவற்றுக்கு இத்தகைய கதவுகள் உள. சுருள்வில்லைப் பற்றிய அறியாமையால் விரலையோ கண்ணையோ இழக்க நேரிடுமாதலின், இதன் இயல்பை அறிதல் வெறும் பௌதிகப் பாடமாகாது. நம்மூர்க் கடைகளில் ‘ஷட்டர்’ என வழங்கும் சுருட்டுக்கதவின் உள்ளேயும் இத்தகைய சுருள்வில்லே மறைந்து கிடக்கின்றது.

மேல்நோக்கி உயரும் கராஜ் கதவை 1921 ஆம் ஆண்டில் அமைத்தவர் சி. ஜி. ஜோன்சன் என்னும் அமெரிக்கர். அதனை இயக்கும் மின்பொறியையும் அவரே 1926 இல் உருவாக்கினார். அதற்கு முன்னிருந்த கதவுகள் குதிரைலாயத்துக் கதவுகள் போல வெளிப்புறமாகத் திறப்பவை. வாயிலிலே பனி குவிந்துவிட்டால் அவற்றைத் திறத்தல் அரிதாகும். புதிய கதவோ கிடையான பல பலகைகளாகப் பகுக்கப்பட்டுப் பிணைச்சல்களால் இணைக்கப்பட்டது. இருமருங்கும் உள்ள தடங்களில் உருளிகள் ஓட, கதவு நேரே மேலெழுந்து, வளைந்து, கூரையின்கீழ்க் கிடையாகப் படுக்கும்.

கதவு உயர உயர, அதன் பலகைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தடத்தை அடைகின்றன. அடைந்த பலகையின் பாரத்தைத் தடமே தாங்கும். ஆகவே தூக்கவேண்டிய பாரம், மூடிய நிலையில் முழுமையாகவும், பாதி திறந்த நிலையிற் பாதியாகவும், முற்றத் திறந்த நிலையில் ஏறக்குறைய இல்லையாகவும் சீராகக் குறைந்து செல்கின்றது. இவ்வாறு சீராகக் குறையும் விசையைத் தரத்தக்க பொருள் யாது? முறுக்கப்பட்ட சுருள்வில் தளருந்தோறும் அதன் விசையும் அங்ஙனமே சீராகக் குறையும். பாரமும் விசையும் அடிதோறும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. பொறியியலிலே இத்துணை எளிமையும் பொருத்தமும் வாய்ந்த அமைப்புக்கள் மிகப் பலவல்ல.

இப்பொருத்தத்துக்கு அடிப்படையான விதியைக் கண்டவர் ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக். நீட்சியும் விசையும் ஒரே வீதத்தில் அமையும் என்பது அதன் சாரம். பிறர் கவர்ந்துகொள்வர் என்றஞ்சிய ஹூக், 1676 இல் அவ்விதியை எழுத்துக்களை மாற்றியடுக்கிய புதிராக வெளியிட்டு, 1678 இலேயே புதிரை விடுவித்தார். அறிவை இரண்டாண்டு பூட்டி வைத்தமை பாராட்டத்தக்கதன்று; எனினும் அக்காலத்து அறிஞரிடையே இவ்வழக்கம் இருந்தது.

கதவு நிலையின் மேலே சுவரோடு பொருந்திய இரும்புத்தண்டு ஒன்று குறுக்கே செல்கின்றது. அதன் இரு முனைகளிலும் 4 அங்குல விட்டமுள்ள உருளைகள் உள. உருளையிற் சுற்றப்பட்ட கம்பிவடம் கதவின் அடிமூலையிலே பிணைக்கப்பட்டிருக்கும். தண்டைச் சுற்றி அமைந்த சுருள்வில்லின் ஒரு முனை சுவரோடும் மறுமுனை தண்டோடும் பொருத்தப்பட்டுள்ளது. உருளையின் சுற்றளவு ஏறக்குறைய 12½ அங்குலம். ஆதலின் 84 அங்குலம் உயரும் கதவுக்குத் தண்டு ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். கதவு முற்றத் திறந்த பின்னும் வடம் தளராதிருக்கும் பொருட்டுச் சிறிது மிகைமுறுக்கும் வேண்டப்படும். எனவே ஏழரைச் சுற்று, அஃதாவது முப்பது காற்சுற்று, முறுக்குவது தொழிலாளர் வழக்கம்.

மூடிய கதவின் சுருள்வில்லிற் சேமிக்கப்பட்டுள்ள சத்தியையும் எளிதிற் கணிக்கலாம். 150 இறாத்தற் கதவின் அடிப்பாகம் 7 அடி உயர, மேற்பாகம் ஏறக்குறைய உயராமலே கிடையாகின்றது. சராசரி உயர்வு மூன்றரை அடி. ஆகவே சத்தி 525 அடி-இறாத்தல் ஆகும். கட்டுமத்தானவர் ஒருவரின் நிறையுள்ள கல்லொன்று மூன்றரை அடி உயரத்திலிருந்து காலில் விழுந்தாலொத்த சத்தியே தலைக்கு மேலே சத்தமின்றி அடங்கிக் கிடக்கின்றது.

ஈண்டுப் பெயரைப் பற்றி ஒன்று கூறல் தகும். ஆங்கிலத்தில் இவ்வகையை முறுக்கவில் என்றும், கிடைத்தடத்தின் பக்கத்தே நீண்டு கிடக்கும் மற்றொரு வகையை இழுவைவில் என்றும் பொருள்படும் பெயர்களால் வழங்குவர். கம்பியின் உள்ளே நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. முறுக்கவில்லின் கம்பி வளைகின்றது. இழுவைவில்லின் கம்பியே முறுகுகின்றது. தமிழில் நாம் வழங்கும் ‘வில்’ என்னும் சொல் முன்னையதற்கு முற்றும் பொருந்தும். நாணேற்றிய வில்லின் தண்டு எங்ஙனம் வளைந்து மீள முயல்கின்றதோ, அங்ஙனமே சுருளின் ஒவ்வொரு வளையமும் வளைந்து மீள முயல்கின்றது.

இனி, இத்துணை வலிய உருக்குக் கம்பி முறிவது ஏன்? ஒரு முறை தாங்கிய தகைப்பைப் பல்லாயிரம் முறை தாங்க வேண்டியிருத்தலே காரணம். 1842 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி பிரான்சிலே வேர்சேயிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற புகைவண்டியின் இயந்திர அச்சு முறிந்து ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடோறும் சுமந்த பாரத்தையே சுமந்த அச்சு திடீரென முறிந்தமை அறிஞரைச் சிந்திக்க வைத்தது. பின்னர்ப் பிரசிய நாட்டு இரயில்வேப் பொறியியலாளர் ஓகஸ்ட் வூலர், அச்சுக்களை மீண்டும் மீண்டும் சுமையேற்றிச் சோதித்து, திரும்பத் திரும்ப வரும் தகைப்பு எத்துணைப் பெரிதோ அத்துணை விரைவில் உலோகம் இளைத்து முறியும் என நிறுவினார். மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று கம்பியின் மேற்பரப்பிலே தோன்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, எஞ்சிய பகுதி பாரந் தாங்காத நிலையில் ஒரு கணத்திற் பிளவுறும். துரு அரித்த குழியே இவ்வெடிப்புக்குப் பெரும்பாலும் பிறப்பிடமாகும்.

பொதுவாக விற்கப்படும் சுருள்வில் பதினாயிரம் சுழற்சிக்கென அமைக்கப்பட்டது. ஒரு முறை திறந்து மூடுதல் ஒரு சுழற்சி. நாளொன்றுக்கு நான்கு முறை இயங்கும் வீட்டில் அது 2,500 நாள், அஃதாவது ஏழாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் உழைக்கும். தந்தை, தாய், மக்கள் எனப் பலரும் கராஜையே தலைவாயிலாகக் கொள்ளும் வீட்டிலோ நான்காண்டும் செல்லாது. 25,000 சுழற்சிக்குரிய வில்லும் கிடைக்கின்றது. கம்பியைச் சற்றுத் தடிப்பாக்கிச் சுருளை நீளமாக்கினால் தகைப்புக் குறைந்து ஆயுள் பன்மடங்காகும். வீடு கட்டுவோர் மலிவானதையே பொருத்திவிடுதலால், வாங்கி ஏழாண்டு கழிந்த வீட்டில் முறிவு நேர்தல் வியப்பன்று.

முறிவின் முதல் அடையாளம் ஒலி. வில் மிகுதியாக முறுக்குண்டு நிற்பது கதவு மூடியிருக்கும்போதே. ஆதலின் யாரும் அருகில்லாத வேளையிலேயே அது பெரும்பாலும் முறியும். துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசை கேட்டு வீட்டார் ஓடிச்சென்று பார்ப்பர். விழுந்த பொருள் எதுவும் காணப்படாது. கதவும் முன்போலவே மூடியிருக்கும். காரணம் அறியாது திரும்புவர். மறுநாட் காலையிற் பொத்தானை அழுத்தும்போது மின்பொறி முனகும். கதவு சில அங்குலம் எழுந்து நின்றுவிடும். பொறி பழுதாயிற்று என்று எண்ணிப் புதிய பொறி வாங்கியவர்களும் உளர். நிலைக்கு மேலே நோக்கினால் உண்மை விளங்கும். சுருளின் வளையங்களிடையே இரண்டங்குல அளவிலான இடைவெளி ஒன்று தெளிவாகத் தோன்றும். முறிந்த இரு பகுதிகளும் முறுக்குத் தளர்ந்து சுருங்கியமையால் ஏற்பட்ட வெளி அது. கம்பிவடங்கள் தளர்ந்து தொங்குதலும், இழுவைவில் உடைய கதவாயின் ஒரு பக்கம் சரிந்து எழுதலும் பிற அடையாளங்கள். இரண்டு வில் உடைய கதவிலே ஒன்று முறிந்தால், மற்றையது பாதிப் பாரத்தைத் தாங்க, மின்பொறி திணறித் திணறிக் கதவை உயர்த்திவிடவுங் கூடும். இது நன்மையன்று, பொறியின் பற்சில்லு தேய்ந்து அழிவதற்கு வழியாகும்.

முறிந்தமை தெரிந்தவுடன் பொறியை மேலும் இயக்காது விடுவதே முதற்கடமை. கதவு மூடியிருந்தால் அபாயம் குறைவு. ஆனால் திறந்த நிலையில் முறிந்திருந்தால், பொறியிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தலாகாது. அக்கயிறு கதவைப் பொறியினின்றும் விடுவிப்பது. இழுத்த கணமே 150 இறாத்தலும் தடையின்றிக் கீழே விழும். கதவின்கீழே எவரும் நடவாதவாறு காத்து, தொழிலறிந்தாரை அழைத்தல் வேண்டும். மூடிய கதவின் உள்ளே மோட்டர் வண்டி அகப்பட்டு, அவசரமாக வெளியேற வேண்டியிருந்தால், கயிற்றை இழுத்து விடுவித்த பின், வலிமையுள்ள இருவர் மூவர் சேர்ந்து கதவை உயர்த்தி, இருபுறமும் தக்க முட்டுக்கொடுத்து, வண்டியை வெளியேற்றியபின் மெல்ல இறக்கலாம். விரல்களைப் பலகைகளின் மூட்டிடையே வைத்தலாகாது.

புதிய வில்லைத் தாமே பொருத்தலாமா என்பது பலர் கேட்கும் கேள்வி. வேலையின் முறை விளங்குதற்கு எளிது. சுருளின் முனையிலுள்ள கூம்பில் நான்கு துளைகள் உள. அவற்றிற்குப் பொருத்தமான உருக்குக் கோல்கள் இரண்டை மாறி மாறி நுழைத்துக் காற்சுற்றாக முறுக்கி, முடிவிற் பூட்டுத்திருகுகளை இறுக்குவர். ஒற்றை வில்லாயின் 18 அங்குலக் கோலின் முனையிலே கைக்கு வேண்டிய விசை, ஈற்றுச் சுற்றிலும் 17 இறாத்தல் அளவினதே. இவ்வேலை ஏமாற்றுவதும் இங்கேதான். கைக்கு இலேசாகத் தோன்றுவதால் அச்சம் நீங்கிவிடுகின்றது. கோல் வழுவினாலோ சேமித்த சத்தி முழுவதும் அக்கோலைச் சுழற்றிக் கையையும் முகத்தையும் தாக்கும். கோலுக்குப் பதிலாகத் திருப்புளியை நுழைத்தல் இவ்வேலையிற் செய்யும் பிழைகளுள் மிகக் கொடியது. முறிந்த வில்லைக் கழற்றுவோரும் மற்றைய வில் முறுக்கோடு நிற்பதை மறத்தலாகாது; அதன் திருகைத் தளர்த்தினாலும், வடத்தைப் பிடித்திருக்கும் அடிமூலைத் தாங்கியைக் கழற்றினாலும் அதே தீங்கு விளையும். இத்தொழிலிற் பயிலாதவர் கூலி கொடுத்துச் செய்விப்பதே தக்கது.

கூலிக்கு விடுவோரும் அளவை அறிந்திருத்தல் பயன்தரும். தளர்ந்த சுருளில் இருபது வளையங்களின் நீளத்தை அளந்து இருபதால் வகுத்தாற் கம்பியின் தடிப்புக் கிடைக்கும். 5 அங்குலமாயின் தடிப்புக் கால் அங்குலம். 5¼ அங்குலமாயின் 0.2625 அங்குலம். இவ்வேறுபாடு அற்பமெனத் தோன்றும். ஆனால் வில்லின் வலிமை தடிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்வதாதலின், தடிப்பில் 5 வீதம் கூடினால் வலிமை 21 வீதத்துக்கு மேற் கூடும். வேறளவுள்ள வில்லைப் பொருத்தினாற் கதவு தானே மேலெழும், அல்லது நில்லாது கீழிறங்கும். இரண்டு வில் உள்ள கதவிலே ஒன்று முறிந்தால் இரண்டையும் மாற்றுதல் நன்று. மற்றையதும் அதே எண்ணிக்கைச் சுழற்சியைக் கண்டதன்றோ.

இழுவைவில் உடைய பழைய கதவுகளிலே ஒன்று கட்டாயம் கவனித்தற்குரியது. முறுக்கவில் முறிந்தாலும் நடுவிலுள்ள தண்டு அதனைப் பற்றி வைத்திருக்கும். இழுவைவில்லுக்கு அத்தகைய காப்பில்லை. முறிந்த துண்டு அம்புபோற் பாய்ந்து சுவரையோ வண்டியின் கண்ணாடியையோ உடைக்கும். ஆதலின் சுருளின் ஊடே கம்பிவடம் ஒன்றைச் செலுத்தி இரு முனையும் கட்டிவைத்தல் வேண்டும். சிறு செலவில் முடியும் இக்காப்பு இல்லாத கராஜ்கள் இன்றும் உள.

வில்லின் நிலையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மூடிய கதவைப் பொறியினின்றும் விடுவித்து, கையால் மூன்று நான்கு அடி உயர்த்தி மெல்லக் கையைத் தளர்த்துக. நன்னிலையிலுள்ள வில்லாயிற் கதவு அங்கேயே நிற்கும். கீழிறங்குமாயின் வில் தளர்ந்துவிட்டது என்க. மூடிய கதவு தொடக்கத்திலேயே கையால் தூக்க முடியாத பாரமாகத் தோன்றினால் அங்கேயே சோதனையை நிறுத்திவிட வேண்டும். இதனை ஆண்டிற் சில முறை செய்து, துருவைத் தடுக்கும் எண்ணெயைச் சுருளின்மேல் இலேசாகத் தடவிவரின், பதினாயிரம் சுழற்சியையும் அவ்வில் பெரும்பாலும் நிறைவேற்றும்.