கவிழ்ந்த கலம் தந்த சான்று

ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் நோக்குடன் 1325இல் மொராக்கோவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, பின்னர் தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்துக்கு அனுப்பப்பெற்றார். கள்ளிக்கோட்டைத் துறையிலேயே புயல் தூதுக் கப்பலைச் சிதைத்தது. தில்லிக்கு மீள அஞ்சிய அவர், மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றினார். இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறினார். அங்கிருந்து, 'மஅபர்' என அரபியர் வழங்கிய நம் தமிழகக் கரையை அடைந்தார். தூது திட்டப்படி நடந்திருப்பின் மதுரையை அவர் கண்டிருப்பாரோ? ஐயமே!

மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறையினர். எனினும், அம்மன்னர் பெண்டிரையும் குழந்தைகளையும் கொல்வித்த கொடுமையை அவர் மறைத்தாரில்லை, கண்டித்தே உரைத்தார். (உறவுக்காக வரலாற்றை வளைப்போர் கருதத்தக்கது இது.) நகரில் பரவிய கொள்ளைநோயையும் குறித்தார். மதுரை சுல்தானியர் காலத்தை நேரிற்கண்டு உரைத்தோர் மிகச் சிலரே. அக்காலத்தை ஆராயப் புகும் நாம், 1355இல் நிறைவுற்ற அவரது 'ரிஹ்லா'வையே முதலில் நாட வேண்டியுள்ளது.