பழைய வண்டி, புதுப் பீரங்கி

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். அமெரிக்க இராணுவமும் பார்க்கவில்லை. 1985-ல் கணக்கை முடித்தபோது போயிருந்த பணம் 180 கோடி டாலர்!

1970-களில் அவர்களுக்கு ஒரு கவலை. சோவியத் ஹெலிகாப்டர்கள் மரங்களின் மறைவிலிருந்து எழும்பி டாங்கிகளைத் தாக்கிவிட்டு மறைந்துவிடும். ஆகவே டாங்கிப் படையோடு கூடவே ஓடும் விமான எதிர்ப்புப் பீரங்கி வண்டி வேண்டும் என்றார்கள். நியாயமான தேவைதான், நாம் மறுக்கவில்லை. செய்தது என்ன? கையிருப்பில் கிடந்த எம்-48 ரகப் பழைய டாங்கிகளின் அடிப்பாகத்தை எடுத்தார்கள். அதன் மீது 40 மில்லி மீட்டர் இரட்டைப் பீரங்கியை ஏற்றினார்கள். எப்-16 போர் விமானத்தின் ராடாரைத் திருத்திப் பொருத்தினார்கள். முதல் உலகப் போர் வீரர் சார்ஜண்ட் யார்க்கின் பெயரையும் சூட்டினார்கள். செலவு மிச்சமாம்!

மிச்சமா? காக்கப்பட வேண்டிய புதிய எம்-1 டாங்கி மணிக்கு 70 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும். காவல்காரனோ 50-ஐ எட்டுவதற்குள் மூச்சு வாங்குவான். மாப்பிள்ளை ஊர்வலம் முன்னே போக, மேளக்காரர் இரண்டு தெரு பின்னே வந்த கதை! ராடாரின் பாடு இன்னும் பரிதாபம். விமானத்துக்கென்று பிறந்த அது, தரையோரம் பறப்பதையும் மரத்தையும் பிரித்தறியத் தடுமாறியது.

சோதனைகளில் இந்தக் குறைகள் தெரிந்த பிறகும் ஆர்டர்கள் தொடர்ந்தனவே, அதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. நெசவாளி ஒரு முழம் குறைத்து நெய்தால் கூலியில் பிடிக்கிற உலகம், கோடிகளை விழுங்கிய கம்பெனியிடம் 'இன்னும் கொஞ்சம் திருத்திப் பார்' என்று மேலும் பணம் நீட்டுகிறது! 618 வண்டிகள் செய்யத் திட்டம். வெளிவந்தவை சுமார் 50. ஆகஸ்டு மாதம் பாதுகாப்பு அமைச்சர் வைன்பர்கர் திட்டத்தையே இரத்துச் செய்தார். ஆயுதச் செலவில் கை தாராளமானவர் அவர். அவரே போதும் என்றார்! அந்தத் துணிவை நாம் பாராட்டுகிறோம். வண்டிகளில் பல, குண்டு வீசிப் பழகும் மைதானங்களில் குறிப்பொருளாக நின்று உடைந்தன.

டாங்கி மீது இத்தகைய பீரங்கி ஏற்றுவதே மடமை என்று சொல்ல வரவில்லை. மேற்கு ஜெர்மனி தன் லெப்பர்ட்-1 டாங்கியின் அடிப்பாகத்தில் 'கெபார்ட்' என்ற வண்டியைக் கட்டியது. கெபார்ட் என்றால் சிவிங்கிப்புலி. அது காவல் நின்றதும் அதே லெப்பர்ட்டுக்குத்தான், ஓட்டம் ஒத்துப்போயிற்று. 2010-ல் ஜெர்மன் இராணுவம் அதற்கு ஓய்வு கொடுத்தது. 2022-ல் அதே கிழப்புலி உக்ரேனுக்குப் போய் ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தலாயிற்று. குண்டுகளை அங்கே அனுப்பச் சுவிட்சர்லாந்து இசையவில்லை. ஜெர்மனி தன் மண்ணிலேயே அவற்றைச் செய்ய ஏற்பாடு செய்தது.