வார்சா பழைய நகரம்: 1950களில் கட்டிய பதினெட்டாம் நூற்றாண்டு

போலந்தின் தலைநகர் வார்சாவில், விஸ்துலா ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது பழைய நகரம். வீடுகளின் முகப்பு பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது போலத் தெரியும். சுவர்களில் பெரும்பாலானவை எழுந்ததோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1944 ஆகஸ்டில் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சா கிளர்ந்தெழுந்து 63 நாட்கள் போரிட்டது. கிளர்ச்சியை ஒடுக்கிய பின்னும் ஜெர்மன் படை ஓயவில்லை. மக்களை வெளியேற்றிவிட்டு, தெருத்தெருவாகத் தீ வைத்தும் வெடி வைத்தும் தகர்த்தது. வரலாற்று மையத்தில் 85 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது.

1945 தொடக்கத்திலேயே தலைநகர் மறுகட்டுமான அலுவலகம் அமைக்கப்பட்டது. எஞ்சியதைப் பேணலாம், இல்லாததைப் புதிதாகச் செய்யக்கூடாது என்பதே அக்கால மரபுச்சின்னப் பாதுகாப்பாளர்களின் பொதுக் கொள்கை. ஒரு மக்களின் நினைவையே அழிக்கத் திட்டமிட்டு இடித்த இடத்தில் அந்தக் கொள்கை செல்லாது என்று வாதிட்டார் கட்டடக்கலைஞர் யான் ஸாக்வாத்தோவிச். மீண்டும் கட்டுவதென அவர் பக்கமே முடிவானது.

ஆதாரம் கைவசம் இருந்தது. போருக்கு முன் வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் பழைய வீடுகளை அளந்து வரைந்திருந்தனர். அந்த வரைபடங்கள் ரகசியமாக நகரைவிட்டு வெளியேறி, பியோத்ர்கூவ் ஊர் மடாலயத்தின் கல்லறைகளில் பதுங்கித் தப்பின. மற்றொரு ஆதாரம், பதினெட்டாம் நூற்றாண்டு அரசவை ஓவியர் பெர்னார்டோ பெல்லோட்டோ தீட்டிய நகரக் காட்சிகள். நுணுக்கத்தில் அவருக்கு நிகர் சிலரே. ஆனால் அழகுக்காகக் கட்டடங்களைச் சற்றுத் திருத்தி வரையும் பழக்கமும் அவருக்கு உண்டு.

ஆகவே எழுந்தது 1939ஆம் ஆண்டின் வார்சா அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்த மாற்றங்கள் பலவும் வேண்டாமென விடப்பட்டன. புனித யோவான் பேராலயத்தின் முகப்பே இதற்குச் சான்று: போருக்கு முன் இருந்த அலங்கார முகப்பைக் கைவிட்டு, எளிய செங்கல் கோதிக் வடிவம் கொடுத்தனர். வீடுகளுக்குப் பின்னே நெருக்கியடித்து நின்ற கட்டடங்கள் பல திரும்ப எழவில்லை; அங்கே வெளிச்சமும் காற்றும் வந்தன. முகப்புக்குப் பின்னால் அமைந்தவை அக்காலத்து நவீன அடுக்குமாடி வீடுகள். சந்தைச் சதுக்கத்துச் சுவர் ஓவியங்களில் பலவும் 1950களின் ஓவியர்கள் கைவண்ணமே. பழைய ஓவியம் என நினைத்துப் படமெடுப்போர் ஏராளம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அரசு இதை மறைத்ததே இல்லை.

சுற்றிப் பார்க்க வருவோர் பெரும்பாலும் அரண்மனைச் சதுக்கத்தில் தொடங்குவர். 1644இல் நிறுவிய மூன்றாம் சிகிஸ்முண்ட் மன்னர் தூண் 1944இல் வீழ்த்தப்பட்டது. 1949இல் புதுத் தூண்மீது சிலை மீண்டும் ஏறியது. உடைந்த பழைய தூண்துண்டுகள் அரண்மனை ஓரத்தில் இன்றும் படுத்துக் கிடக்கின்றன. பேராலயத்தின் பக்கச் சுவரில் ஜெர்மன் வெடிவண்டி ஒன்றின் இரும்புச் சங்கிலித் தடம் பதித்து வைக்கப்பட்டுள்ளது. துருப்பிடித்த அந்தப் பட்டையைப் பேராலயத்துக்குள் மட்டும் போய்த் திரும்புவோர் பார்ப்பதில்லை.

சந்தைச் சதுக்கம் 1953இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கே நிற்கும் பார்பிகன் என்ற கோட்டை வாயிலுக்குச் செங்கற்கள் வந்தது சுவையான கதை. வ்ரோட்சுவாஃப், நிசா ஆகிய, போருக்குமுன் ஜெர்மனியிடம் இருந்த ஊர்களின் பழைய கட்டடங்களை இடித்துக் கொண்டுவந்தவை அவை. ஓர் ஊரின் பழமையை மீட்க வேறோர் ஊரின் பழமை கரைந்ததைச் சுற்றுலா வழிகாட்டிகள் குறைவாகவே பேசுகின்றனர்.

அரண்மனையை மீண்டும் கட்ட மட்டும் நெடுநாள் அனுமதி கிடைக்கவில்லை. 1971இல்தான் கம்யூனிஸ்ட் அரசு இசைந்தது. பொதுமக்கள் நன்கொடையில் பணி நடந்து, 1984இல் பார்வையாளர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். பெல்லோட்டோவின் ஓவியங்கள் அங்கே தனிக் கூடத்தில் தொங்குகின்றன. அதற்கு முன்பே, 1980இல், மறுகட்டுமானம் என்பதற்காகவே பழைய நகரத்தை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மறுகட்டுமான அலுவலகத்தின் ஆவணங்கள் 2011இல் அதே அமைப்பின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.