ட்ரோன் பயிற்சியில் மின்கம்பி இருக்கிறதா?

சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கம் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்தடிக்க ட்ரோனைக் கூப்பிடப் போகிறீர்களா? முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். பயிரின் உயரம் 2 மீட்டர். அதற்கு மேல் இரண்டரை மீட்டரில் ட்ரோன் பறக்கிறது. ஆக நாலரை மீட்டர். சாலை அல்லாத இடங்களில் 11 கிலோவோல்ட் உறையில்லாத கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணைய விதி. இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. கம்பி தொய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தின் இலக்கு 15,000 மகளிர் குழுக்கள். நம் ஊர்ப் பெண்களும் ட்ரோன் ஓட்டக் கற்கிறார்கள். நிஜ ட்ரோனைத் தொடுவதற்கு முன் கணினித் திரையில் சிமுலேட்டரில் பழகுவது நல்ல முறைதான். ஆனால் திரையில் வெறும் புல்தரை மட்டுமே இருந்தால் அந்தப் பழக்கம் நம் கரிசல் காட்டுக்கு உதவாது.

கம்பியை முப்பரிமாணத்தில் வரைவதிலும் சூட்சுமம் உண்டு. கம்பத்துக்குக் கம்பம் நேர்கோடு இழுத்தால் தவறு. இழுவிசை மாறாமல் கம்பங்களின் இடைவெளி இரட்டித்தால் தொய்வு நான்கு மடங்காகும். மதிய வெயிலில் கம்பி நீண்டு இன்னும் தாழும். கம்பத்திலிருந்து சரிவாக இறங்கும் ஸ்டே கம்பியும் வேண்டும். பலர் மறப்பது அதைத்தான். கம்பியின் கனமோ சுமார் 8 மில்லிமீட்டர். 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ட்ரோன் கம்பிக்கு முன்னே நிற்கிறதா, பின்னே நிற்கிறதா என்று பிடிபடாது. இந்தக் குழப்பத்தைத் திரையில் அனுபவித்தவர்தான் வயலில் நிதானிப்பார். பயிற்சியில் சேரும்போதே இதைக் கேளுங்கள்.

மருந்தடிக்கும் நாளில் ஓட்டுநரை அழைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி நடந்து, கம்பங்களையும் ஸ்டே கம்பிகளையும் காட்டுங்கள். கம்பியின் கீழும் அதன் இருபுறமும் கைத்தெளிப்பானே போதும். சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலையை ஒட்டிய வரப்புக்கும் இதையே சொல்வேன். கம்பியில் உரசினால் தீப்பொறி தெறிக்கும். விழுந்து நசுங்கும் லித்தியம் பேட்டரியும் தீப்பிடிக்கும்.

ட்ரோன் கம்பியில் சிக்கிவிட்டால் தொரட்டியோ மூங்கிலோ கொண்டு எடுக்க முயல வேண்டாம். விலகி நின்று, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக ஊழியர் நேரில் சொல்லும்வரை யாரையும் அருகில் விடாதீர்கள்.