கரிசற்காட்டுக் கிராமங்களின் ஜனக்கணக்கும் வீட்டுக்கணக்கும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் சாலையிலுள்ள எப்போதும்வென்றானைப் போன்ற கரிசற்காட்டுக் கிராமம் ஒன்றன் நிலைமையை ஆராய்வோர்க்கு முதலில் வேண்டுவன இரண்டு எண்கள். ஜனங்கள் எத்தனை பேர், வீடுகள் எத்தனை என்பனவே அவை. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு கிராமத்தின் வளர்ச்சியையோ தேய்வையோ தீர்மானித்தல் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணும் வழக்கம் இங்கிலாந்தில் 1801ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அங்கே பாரிஷ் என்னும் சிறு கிராமப் பிரிவுதோறும், குடியுள்ள வீடுகள் எத்தனை, அவற்றில் வாழும் குடும்பங்கள் எத்தனை, குடியில்லாத வீடுகள் எத்தனை என்ற வினாக்கள் கேட்கப்பட்டன. காலிவீடுகளையும் கணக்கிற் சேர்த்தமையால், எந்தப் பாரிஷைவிட்டு ஜனங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர் என்பதைப் பிற்காலத்தார் அறிய முடிந்தது.

சென்னை மாகாணத்தில் விரிவான குடிமதிப்பு 1871இல் நடந்தது. 1881 பிப்ரவரி 17ஆம் தேதி முதன்முறையாக இந்தியா முழுமைக்கும் ஒரே சமயத்தில் கணக்கெடுக்கப்பட்டது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே மாகாணத்தின் ஜனத்தொகை சற்றுக் குறைந்துபோயிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சமே அதற்குக் காரணம். மழையையே நம்பிய புன்செய்ப் பிரதேசங்களில் ஜனக்கணக்கு என்பது பஞ்சத்தின் கணக்குமாகும்.

பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒப்பிடுவோர் மூன்று விஷயங்களில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். முதலாவது, வீடு என்ற சொல்லின் பொருள். 1951க்கு முற்பட்ட கணக்குகளில் வீடும் குடும்பமும் தெளிவாகப் பிரிக்கப்படவில்லை. அவ்வருஷத்தில்தான் அவை வெவ்வேறாக எண்ணப்பட்டன. ஒரே சமையலில் உண்போர் ஒரு குடும்பத்தார். தனிவாயில் உள்ள கட்டடப் பகுதி ஒரு வீடு. ஆகவே ஒரு கட்டடத்தில் இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பங்கள் இரண்டு என்பது முறை.

இரண்டாவது, எல்லை. ரெவினியூ கிராமம் ஒன்றில் தாய்க்கிராமத்துடன் பல குக்கிராமங்களும் அடங்கியிருக்கும். ஜில்லா எல்லைகளும் மாறியுள்ளன. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டபோது திருநெல்வேலியின் வடபகுதி அதிற் சேர்ந்தது. 1986 அக்டோபர் 20ஆம் தேதி தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. எனவே எப்போதும்வென்றானின் பழைய எண்ணைத் தேடுவோர் திருநெல்வேலி ஜில்லாவின் ஏடுகளையே புரட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, எண்ணப்படும் காலம். 1931 வரை ஒரே இரவில் யார் எங்கே இருந்தாரோ அங்கேயே எண்ணப்பட்டார். 1941 முதல் அம்முறை கைவிடப்பட்டது. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு நடந்தது. அந்நாட்கள் முழுவதும் வெளியூரில் இருந்தவர் சொந்தக் கிராமத்தில் எண்ணப்படவில்லை. கரிசற்காட்டுக்கு இது முக்கியமான விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையைக்கொண்டு பயிரிட்டு, விளைந்த பயறு வகைகளை எடுத்தபின், உப்பளத்துக்கோ வேறு கூலிவேலைக்கோ குடும்பத்துடன் செல்வோர் உண்டு. வீட்டில் பூட்டுத் தொங்குகிறது என்பதனாலேயே அக்குடும்பம் ஊரைவிட்டு நீங்கிற்று என்று கொள்ளலாகாது.

இனி இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கும் வகையைக் காண்போம். ஒரு கிராமத்தில் 200 வீடுகளும் 1,000 ஜனங்களும் இருப்பதாக வைத்துக்கொண்டால், வீடு ஒன்றுக்கு 5 பேர். பத்து வருஷத்துக்குப்பின் வீடுகள் 240 ஆகவும் ஜனங்கள் 960 ஆகவும் இருப்பின், வீடு ஒன்றுக்கு 4 பேராகும். ஜனத்தொகை குறைந்ததென்று கருதிக் குடிநீருக்கும் மனையிடத்துக்கும் ஏற்பாட்டைக் குறைப்பது தவறு. கூட்டுக்குடும்பங்கள் பிரிந்து அடுப்புகள் பெருகியிருக்கலாம். வாலிபர்கள் வேலைதேடிச் சென்றபின் முதியோர் தனித்திருக்கலாம். எது நேர்ந்ததென்பதை வீடுவீடாக விசாரித்தே அறிதல் வேண்டும்.

அவ்வாறு விசாரித்ததற்கு நல்ல உதாரணம் சிவகாசிக்கு அருகிலுள்ள வடமலாபுரம். சென்னைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக்கொண்டு நடத்திய கிராம ஆராய்ச்சிகளின் தொகுப்பு 1918இல் வெளிவந்தது. அவற்றுள் இக்கிராமமும் ஒன்று. பின்னர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் அதே கிராமங்கள் மறுபடியும் ஆராயப்பட்டு, முடிவுகள் 1940இல் பிரசுரிக்கப்பட்டன.

வீடுகளின் எண்ணிக்கையுடன் தன்மையையும் கவனித்தல் அவசியம். கரிசல்மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதாதலால், ஆழமில்லாத அஸ்திவாரமும் மண்சுவரும் விரைவிற் பிளந்துவிடும். 1961 முதல் சுவரும் கூரையும் எப்பொருளாலானவை என்பதும் குடிமதிப்பிற் கேட்கப்பட்டு வருகிறது. 2011ஆம் வருஷக் கணக்குக்கான வீட்டுப்பட்டியலில் 35 வினாக்கள் இருந்தன. குடிநீர், விளக்கு, கழிப்பிடம் முதலியனவும் அவற்றுள் அடங்கும்.

உண்மையைச் சொன்னால் வரி கூடுமோ, வழக்கு வருமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. 1948ஆம் வருஷத்திய குடிமதிப்புச் சட்டப்படி, தனிமனிதரைப் பற்றிய விவரங்களைப் பிறர் பார்வையிடுவதற்கு இடமில்லை. இங்கிலாந்தில் நூறு வருஷம் கழிந்தபின் பெயர்ப்பட்டியல்கள் வெளியிடப்படுகின்றன. இந்தியாவில் அவ்வழக்கமும் இல்லை. வெளிவருவன மொத்த எண்களே. ஆனால் அம்மொத்தத்தைப் பொறுத்தே பல காரியங்கள் நடைபெறுகின்றன. ஊராட்சியில் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்படும் இடங்களும் ஜனத்தொகை விகிதப்படியே அமைகின்றன. எண்ணப்படாத குடும்பம் ஒன்று தன் பங்கை மட்டுமன்றித் தன் தெருவின் பங்கையும் குறைத்துவிடுகிறது.

2021இல் நடைபெற வேண்டிய குடிமதிப்பு நடைபெறவில்லை. அடுத்தது 2027ஆம் வருஷத்தில் நடத்தப்படும் என்று 2025 ஜூன் 16ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்போர் வரும்போது கிராமவாசிகள் செய்யத்தக்கவை மூன்று: தனி அடுப்புள்ள குடும்பத்தைத் தனியே சொல்லுதல், பூட்டிய வீட்டாரின் இருப்பிடத்தையும் திரும்பும் காலத்தையும் அயலார் தெரிவித்தல், ஊர்ப்புறத்துக் குடிசைகளும் குக்கிராமங்களும் விடுபடாமற் பார்த்தல். இம்மூன்றும் ஒழுங்காக நடந்தால், அடுத்த பத்து வருஷத்துக்குக் கிராமத்தின் தேவைகளை எடுத்துக்கூறும் மனுவை ஊரார் தாமே எழுதியதற்கு அது ஒப்பாகும்.