சிப்பி அல்லாத சிப்பி

கடற்கரையில் நீங்கள் மட்டி ஓடுகளைப் பொறுக்கியிருப்பீர்கள். இரண்டு ஓடுகளும் சேர்ந்தபடி கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஒற்றை ஓடுதான் கிடைக்கும். இதற்கு என்ன காரணம்?

மட்டியின் கீலில் ரப்பர் போன்ற இணைப்பு நார் ஒன்று உள்ளது. அது ஓடுகளை எப்போதும் திறக்கப் பார்க்கும். தசைகள்தாம் அவற்றை இழுத்து மூடுகின்றன. பிராணி இறந்ததும் தசை தளர்கிறது, ஓடுகள் திறந்துகொள்கின்றன. பிறகு அலைகள் அவற்றைப் பிரித்துவிடுகின்றன.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முந்திய டெவோனியன் காலப் பாறைகளில் வேறு வகை ஓடுகள் கிடைக்கின்றன. பல, மூடியபடியே கல்லாகியிருக்கின்றன! சிறகு விரித்த வடிவத்தால் இவற்றைப் பட்டாம்பூச்சி ஓடுகள் என்பார்கள். அறிவியற் பெயர் மியூக்ரோஸ்பைரிபர் மியூக்ரோனேட்டஸ். பார்வைக்குச் சிப்பி போல இருந்தாலும் இது சிப்பி அன்று. பிராக்கியோபோடா என்னும் தனித் தொகுதியைச் சேர்ந்தது. இத்தொகுதியின் பிராணிகளுக்கு ஓட்டைத் திறக்கவும் தசை வேண்டும், மூடவும் தசை வேண்டும். எனவே இறந்த பிறகு ஓடு தானாகத் திறப்பதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மட்டியின் ஓடுகள் இடம், வலம் என அமைந்தவை. பெரும்பாலும் ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் போலிருக்கும். ஆனால் தனி ஓட்டின் நடுவே கோடு கிழித்தால் இரு பாதிகளும் ஒத்திருப்பதில்லை. பட்டாம்பூச்சி ஓட்டில் இது நேர்மாறு. அதன் ஓடுகள் மேல், கீழ் என அமைந்தவை, ஒன்றுபோல இருப்பதில்லை. ஆனால் ஒவ்வோர் ஓட்டிலும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்கும்.

ஓட்டின் அமைப்பைப் பார்ப்போம். கீல் கோடுதான் இதன் மிக அகன்ற பகுதி. அதன் இரு முனைகளும் கூராக நீண்டிருக்கும். சேற்றுத் தரையில் அமிழ்ந்துவிடாதிருக்க இந்த அகலம் உதவியிருக்கலாம் எனக் கருதுகின்றனர். கீழ் ஓட்டின் நடுவில் ஒரு பள்ளமும், அதற்கு நேராக மேல் ஓட்டில் ஒரு மேடும் உண்டு. இருபுறமும் விசிறி மடிப்புகள் போன்ற வரிகள் ஓடும். கீழ் ஓட்டின் அலகுக்கு அடியில் முக்கோணத் திறப்பு ஒன்று காணப்படும். அது, பிராணி தரையைப் பற்றிக்கொள்ளும் காம்புக்கான வழி.

வியப்பானது உள்ளே இருக்கிறது. கடிகாரச் சுருள்வில்லைக் கூம்பாக இழுத்தாற்போன்ற இரண்டு சுண்ணச் சுருள்கள் இடமும் வலமும் நோக்கி அமைந்திருக்கும். நீரிலிருந்து உணவுத் துகள்களைச் சேகரிக்கும் மெல்லிய உறுப்பை இவை தாங்கின. சுருள் தாங்கிய இத்தகைய பிராணிகளையே ஸ்பைரிபெரிடா என்ற வரிசையில் சேர்த்துள்ளனர்.

1841ஆம் ஆண்டில் டிமதி கான்ராட் இச்சிற்றினத்துக்கு டெல்திரிஸ் மியூக்ரோனேட்டா என்று பெயரிட்டார். இலத்தீனில் 'மியூக்ரோ' என்றால் கூர்முனை. 1931ஆம் ஆண்டில் அமேடியஸ் கிரேபோ மியூக்ரோஸ்பைரிபர் என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். இச்சிற்றினம் அதில் இடம்பெற்றது.

ஸ்பைரிபெரிடா வரிசை முழுவதும் அழிந்துவிட்டது. லிங்குலா முதலிய ஏறத்தாழ 400 பிராக்கியோபோடா சிற்றினங்களே இன்று வாழ்கின்றன. ஆகவே, புற உருவம் ஒத்திருந்தால் உறவும் ஒத்திருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓடு எப்படித் திறக்கிறது, எந்தக் கோட்டில் சமமாகப் பிரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வகைப்பாட்டியல் அங்கேதான் தொடங்குகிறது.